எபிசோடு 37: ஓராண்டு விதி – கணவனோடு காலாவதியாகும் விசா

போன மாசம் எங்க டீம்ல ஒரு ஃபேர்வெல் லஞ்ச். கூட வேலை பார்க்கிற ஒருத்தருக்கு லண்டன் ஆபீசுக்கு டிரான்ஸ்ஃபர். மனைவியையும் கூட்டிட்டு வந்திருந்தார். சாப்பிட்டுக்கிட்டே அவங்க தன் போனில் வந்திருந்த விசா மெயிலைக் காட்டினாங்க. அவங்க பெயருக்குப் பக்கத்தில் 'டிபெண்டன்ட் பார்ட்னர்' என்று இருந்தது. சாஃப்ட்வேர்காரங்க உட்கார்ந்திருக்கிற மேசை, கேக்கணுமா? உடனே ஒரு ஜோக் கிளம்பிடுச்சு: "மெயின் பேக்கேஜை அன்இன்ஸ்டால் பண்ணா டிபெண்டன்ட்டும் சேர்ந்து க்ராஷ் ஆயிடும்!"

அவங்களும் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சிட்டு, "நிஜமாவே கேக்கறேன். நாளைக்கு எங்களுக்குள்ள ஒத்து வரலன்னா என் விசா என்ன ஆகும்?" என்று கேட்டாங்க.

மேசையில் 9 பேர். ஒருத்தருக்கும் பதில் தெரியல. எனக்கும்தான். அன்னைக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சேன். தேடத் தேட அது விசா விதிகளைத் தாண்டி ஐம்பது வருஷக் கதையா விரிஞ்சுது. அந்தக் கதையில் நம்ம ஊர்க் கல்யாணங்களுக்கும் ஒரு பெரிய பங்கு இருக்கு. அதுதான் இன்னைக்கு எபிசோடு.

முதலில் சந்தேகப்பட்டது மாப்பிள்ளைகளை

கதையை 1960களின் பிரிட்டனில் தொடங்குவோம். இந்தியா, பாகிஸ்தான், கரீபியன் தீவுகளில் இருந்து வந்த ஆண்கள் ஆலைகளிலும் பேருந்துகளிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே அவர்களுடைய மனைவிகளும் பிள்ளைகளும் வந்தார்கள். கணவன் எங்கேயோ மனைவி அங்கே என்பது அந்தக் காலத்துச் சட்டத்துக்கு இயல்பான விஷயம். அதனால் பிரிட்டனில் நிலையாகக் குடியேறிய ஒரு ஆண் தன் மனைவியை அழைத்து வந்தால், அவளுக்கும் பெரும்பாலும் வந்தவுடனேயே நிரந்தர வசிப்புரிமை கிடைத்துவிடும்.

ஒரு பெண் தன் கணவனை அழைத்து வந்தால்? அங்கேதான் அரசுக்கு உறுத்தியது. 'இவன் கல்யாணத்துக்காக வரானா, வேலைக்காக வரானா?'

1969 ஜனவரியில் உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் காலகன், காமன்வெல்த் நாடுகளைச் சேர்ந்த கணவர்கள் மனைவியோடு வந்து சேர்வதற்குத் தடை போட்டார். விதிவிலக்குகள் மிகச் சில. எதிர்ப்பு கிளம்பி, 1974இல் ராய் ஜென்கின்ஸ் அந்தத் தடையை நீக்கினார். ஆனால் சந்தேகம் மட்டும் போகவில்லை. போலிக் கல்யாணங்கள் நடக்கின்றன என்ற கூச்சல் எழுந்ததும், 1977இல் மெர்லின் ரீஸ் ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். வெளிநாட்டுக் கணவனுக்கு முதலில் 12 மாதம் மட்டுமே அனுமதி. அந்த வருஷ முடிவில் கல்யாணம் இன்னும் நிலைத்திருந்தால்தான் நிரந்தர வசிப்புரிமை.

கம்பெனியில் சேர்ந்ததும் நமக்கு 6 மாசம் ப்ரொபேஷன் இருக்கும் இல்லையா? அதே மாதிரி கல்யாணத்துக்கு 12 மாசம் ப்ரொபேஷன். இன்னைக்கு எபிசோடின் ஹீரோ, வில்லன் ரெண்டுமே இந்த விதிதான். பிற்காலத்தில் இதற்கு 'ஓராண்டு விதி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இதை எழுதும்போது அரசின் மனதில் இருந்தது ஆண்கள்தான் என்பதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

1980களில் தாட்சர் அரசு இன்னொரு பூட்டும் போட்டது. 'இந்தக் கல்யாணத்தின் முதன்மை நோக்கம் பிரிட்டனுக்குள் வருவது அல்ல' என்பதை மாப்பிள்ளையே நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? நம்ம ஊரில் நிச்சயிக்கப்பட்ட கல்யாணங்களில்தான் இது பெரிய கூத்தானது. 'உங்கள் வழக்கப்படி பெண்தானே புகுந்த வீட்டுக்குப் போகணும்? நீ ஏன் பெண் இருக்கிற நாட்டுக்குப் போறே?' என்பது அதிகாரிகளின் தர்க்கம். அதாவது, வீட்டோட மாப்பிள்ளையாகப் போக ஒத்துக்கொண்டதே ஃப்ராடுக்கு ஆதாரம்!

1985 மே 28: ஜெயிச்ச கேஸ், தோத்த பெண்கள்

இந்த வேறுபாட்டை எதிர்த்து மூன்று பெண்கள் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். மலாவியில் பிறந்த நர்கிஸ் அப்துல்அஸீஸ், பிலிப்பைன்ஸைச் சேர்ந்த அர்செலி கபாலெஸ், எகிப்தில் பிறந்த சோஹைர் பல்கண்டாலி. மூவருமே பிரிட்டனில் சட்டப்படி நிலையாகக் குடியேறியவர்கள். மூவராலும் தங்கள் கணவர்களை அங்கே வைத்துக்கொள்ள முடியவில்லை. அவர்கள் கேட்டது ரொம்ப எளிமையான கேள்வி: எங்க இடத்தில் ஒரு ஆண் இருந்தா மனைவியைக் கூட்டிட்டு வரலாம். எங்களுக்கு மட்டும் ஏன் முடியாது?

வேலையில்லாத் திண்டாட்டம் அதிகம் இருக்கிறது, ஆண்கள் வந்தால் வேலை தேடுவார்கள், பெண்கள் அந்த அளவுக்குத் தேட மாட்டார்கள் என்றது பிரிட்டிஷ் அரசு. நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. இது இனப்பாகுபாடு என்ற வாதம் தோற்றது. ஆனால் பாலினப் பாகுபாடு என்ற வாதம் ஜெயித்தது. 1985 மே 28 அன்று தீர்ப்பு வந்தது: பிரிட்டன் பெண்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டியிருக்கிறது.

இப்போ இந்தத் தீர்ப்பு ஒரு பக் ரிப்போர்ட்டாக உங்க டெஸ்க்குக்கு வருதுன்னு வெச்சுக்கோங்க. 'மனைவிகளுக்கு எளிதான வழி, கணவர்களுக்குக் கடினமான வழி. இரண்டையும் சமமாக்கு.' ஃபிக்ஸ் பண்ண ரெண்டு வழி இருக்கு. கணவர்களுக்கும் எளிதான வழியைத் திறந்துவிடலாம். இல்லைன்னா மனைவிகளுக்கு இருந்த எளிதான வழியை மூடிடலாம். ரெண்டிலுமே டெஸ்ட் கேஸ் பாஸ் ஆகும்.

பிரிட்டன் இரண்டாவது வழியை எடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் புதிய விதிகள் வந்தன. இனி மனைவிகளுக்கும் 12 மாத ப்ரொபேஷன். மனைவிகளும் 'முதன்மை நோக்கம்' சோதனையில் தேற வேண்டும். ஆண் பெண் சமத்துவம் வந்தாச்சு, டிக்கெட் க்ளோஸ்டு!

இதைப் படிச்சப்போ லேப்டாப்பை மூடிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் மேல் சந்தேகப்பட்டு எழுதின ஒரு விதி, சமத்துவம் கேட்டுப் பெண்கள் போட்ட கேஸ் வழியாகவே பெண்கள் தலையில் வந்து விழுந்தது.

அந்த ஒரு வருஷத்துக்குள்

பேப்பரில் பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே விதி. வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் அப்படி இல்லை.

பஞ்சாபிலோ சில்ஹெட்டிலோ இருந்து கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணை நினைச்சுப் பாருங்க. புது ஊர், ஆங்கிலம் சரளமாக வராது, பிறந்த வீடு 7,000 கிலோமீட்டர் தள்ளி. மாமியார் வீட்டில்தான் வாசம். பாஸ்போர்ட் யாருடைய பீரோவில் இருக்கிறது என்பது அவளுக்கே தெரியாமல் இருக்கலாம். 12 மாதம் முடியும்போது, கல்யாணம் நிலைத்திருக்கிறது என்று கணவனும் சேர்ந்து சொன்னால்தான் அவளுக்கு நிரந்தர உரிமை.

அடி விழுந்தால் என்ன செய்வாள்? வெளியேறினால் கல்யாணம் முறிந்தது என்று அர்த்தம். கல்யாணம் முறிந்தால் விசாவுக்கு அடிப்படை இல்லை. 'போலீசுக்குப் போனா உன்னை நாடு கடத்திடுவாங்க' என்று கணவன் மிரட்டினால், அதில் பாதி உண்மை. அரசு எழுதிய விதியையே அவன் வாசித்துக் காட்டுகிறான், அவ்வளவுதான்.

இன்னொரு முடிச்சும் இருந்தது. ப்ரொபேஷனில் இருப்பவர்களுக்கு அரசு நிதியுதவி எதுவும் கிடையாது. பிரிட்டனில் பெண்கள் காப்பகங்கள் பெருமளவு ஓடுவதே, அங்கே தங்குபவர்களுக்கு அரசு தரும் வீட்டு வாடகை உதவித்தொகையை வைத்துத்தான். இவளுக்கு அந்த உதவி இல்லை என்றால், காப்பகம் இவளுக்கு இடம் கொடுப்பதும் கஷ்டம். ஆக, வெளியே வந்தால் தெரு, அப்புறம் விமானம். ஊருக்குத் திரும்பினால் 'வாழாவெட்டி' என்ற பேர். அந்த வார்த்தையின் கனம் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சவுத்தால் பெண்கள்

ஐஸ்வர்யா ராய் நடிச்ச 'ப்ரோவோக்ட்' படம் ஞாபகம் இருக்கா? ஏ. ஆர். ரஹ்மான் இசை. வருஷக்கணக்கா அடி வாங்கி, கடைசியில் கணவனைத் தீ வைத்துக் கொன்ற கிரண்ஜித் அலுவாலியாவின் உண்மைக் கதை. அவருக்காகப் போராடி, 1992இல் அவர் விடுதலையாகக் காரணமாக இருந்த அமைப்பு 'சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்'. மேற்கு லண்டனில் பஞ்சாபிகள் நிறைந்த சவுத்தாலில், 1979இல் ஆசிய, ஆப்பிரிக்க-கரீபியப் பெண்கள் சேர்ந்து தொடங்கியது.

கிரண்ஜித்தின் வழக்கு விசா பற்றியது இல்லை. ஆனால் உதவி கேட்டு அந்த அமைப்பின் வாசலுக்கு வந்த பெண்களில் பலரிடம் திரும்பத் திரும்ப ஒரே கதை. வீட்டுக்குத் திரும்பிப் போனால் அடி, போகவில்லை என்றால் நாடு கடத்தல். பிரக்னா படேல், ஹன்னானா சித்திக்கி போன்றவர்கள் 1990களில் இதையே ஒரு பிரசாரமாக எடுத்தார்கள். ஒவ்வொரு பெண்ணின் வழக்கையும் பதிவு செய்து, கணக்கெடுத்து, நாடாளுமன்ற உறுப்பினர்களின் மேசையில் கொண்டுபோய் வைத்தார்கள். அவர்கள் கேட்டது ஓராண்டு விதியையே ஒழிக்க வேண்டும் என்று.

1997இல் ஆட்சிக்கு வந்த லேபர் அரசு 'முதன்மை நோக்கம்' சோதனையைத் தூக்கி எறிந்தது. ஓராண்டு விதியைத் தூக்கவில்லை. 1999இல் ஒரு சலுகை மட்டும் கொடுத்தது: ப்ரொபேஷன் காலத்தில் குடும்ப வன்முறையால் கல்யாணம் முறிந்தால், அவர் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆதாரம் வேணும். நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவு, கணவனுக்குத் தண்டனை, போலீஸ் எச்சரிக்கை, இப்படி ஏதாவது. போலீசுக்குப் போகவே பயந்த பெண்ணிடம் போலீஸ் பேப்பர் எங்கிருந்து வரும்? 2002இல் இது முறையான விதியானபோது மருத்துவர் கடிதம், காப்பகத்தின் கடிதம் போன்றவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள். இது மனைவிகளுக்கு மட்டுமல்ல, அடி வாங்கும் கணவர்களுக்கும் பொருந்தும்.

அப்பவும் ஓட்டை இருந்தது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் மாதங்களில் அவள் எங்கே தங்குவாள், என்ன சாப்பிடுவாள்? அந்த ஓட்டையை அடைக்க 2012 ஏப்ரல் வரை ஆனது. அப்போதுதான், இந்த நிலையில் இருப்பவர்களுக்கு அரசு உதவியோடு சேர்த்து 3 மாதத் தனி அனுமதி வந்தது. மனைவிகளுக்கு விதி மாறின 1985இல் இருந்து எண்ணினால் 27 வருஷம்.

அதே 1985, வேறொரு நீதிமன்றம்

இப்போ கொஞ்சம் ஜெர்மனிக்குப் போயிட்டு வரலாம். காரணம் இருக்கு. ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்புக்கு மூணு மாசம் முன்னாடி, 1985 பிப்ரவரி 13 அன்று, லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் கிட்டத்தட்ட எங்க டீம் மேசையில் எழுந்த அதே கேள்விக்குப் பதில் சொன்னது.

செனகல் நாட்டுப் பெண் ஒருவர், தியாத்தா என்று பெயர். மேற்கு பெர்லினில் வேலை செய்த ஒரு பிரெஞ்சுக்காரரைக் கல்யாணம் செய்தவர். பிறகு பிரிந்து, விவாகரத்து செய்யும் எண்ணத்தோடு தனி வீட்டில் வாழ்ந்துகொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். 'கணவனோடு வாழவில்லை, அதனால் அனுமதியை நீட்டிக்க மாட்டோம்' என்றது பெர்லின் நிர்வாகம். நீதிமன்றம் சொன்னது: குடும்ப உறுப்பினர் ஒரே கூரைக்குக் கீழ்தான் வாழ வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. சட்டப்படி விவாகரத்து ஆகாத வரை, தனியாக வாழ்ந்தாலும் கல்யாணம் கல்யாணம்தான்.

விவாகரத்துக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு சட்டம் பதில் சொன்னது. கல்யாணம் 3 ஆண்டுகள் நீடித்து, அதில் ஓராண்டாவது அந்த நாட்டில் வாழ்ந்திருந்தால், விவாகரத்துக்குப் பிறகும் வசிப்புரிமை தொடரலாம். குடும்ப வன்முறை போன்ற கடினமான சூழல் என்றால் அந்த 3 ஆண்டுகளும் தேவையில்லை.

இதில் ஒரு வேடிக்கை. பிரெக்ஸிட் வரை பிரிட்டனும் அந்த ஒன்றியத்தில்தானே இருந்தது? அதனால் லண்டனில் ஒரு ஜெர்மன்காரரைக் கட்டிக்கொண்ட இந்தியப் பெண்ணுக்கு, அதே தெருவில் ஒரு பிரிட்டிஷ்காரரைக் கட்டிக்கொண்ட இந்தியப் பெண்ணைவிட வலுவான பாதுகாப்பு இருந்தது. ஒன்றியத்தின் சட்டம் அதன் குடிமக்கள் நாடு விட்டு நாடு போய் வேலை செய்வதை ஊக்குவிக்க எழுதப்பட்டது. பிரிட்டனின் விதி, வருபவரைத் தடுத்து நிறுத்திச் சோதிக்க எழுதப்பட்டது. எந்த நோக்கத்தோடு எழுதினாங்களோ அது எத்தனை வருஷம் ஆனாலும் விதிக்குள்ளேயே தங்கிடுது.

எது அளக்கப்படுது?

சரி, போலிக் கல்யாணமே இல்லையான்னு நீங்க கேட்கலாம். இருக்கு. அதைத் தடுக்க எந்த அரசும் ஏதாவது செய்யத்தான் செய்யும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனா இந்த விதியை ஒரு டெஸ்ட்டாகப் பார்த்தா, அது எதை அளக்குது? போலிக் கல்யாணம் செய்தவன் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ சத்தம் போடாமல் ஓட்டிவிட்டு, பேப்பர் கைக்கு வந்ததும் கிளம்பிவிடலாம். டெஸ்ட் பாஸ். நிஜமாகவே வாழ வந்து, அடி தாங்காமல் எட்டாவது மாதம் வெளியேறுபவள் ஃபெயில். அப்போ இந்த டெஸ்ட் கல்யாணம் உண்மையானதா என்பதை அளக்கல. எவ்வளவு நாள் தாங்கறாங்க என்பதைத்தான் அளக்குது.

அந்தத் தாங்கும் காலம் நீண்டுகொண்டே போனது என்பதுதான் எனக்கு உறுத்துவது. 1985இல் மனைவிகளுக்கு ஓர் ஆண்டு. 2003இல் அது 2 ஆண்டு ஆனது. 2012 ஜூலையில் 5 ஆண்டு. தேதியைக் கவனிங்க. அந்த 3 மாத உதவி வந்தது ஏப்ரல், காத்திருப்பு 5 ஆண்டானது ஜூலை. ஒரு கை வாசலை அகலமாக்க, இன்னொரு கை வாசலுக்குப் போகும் தூரத்தைக் கூட்டியது.

அந்த வாசலும் வன்முறையை நிரூபிப்பவர்களுக்கு மட்டும்தான். 'அவர் நல்லவர்தான், ஆனா சேர்ந்து வாழ முடியல' என்று சொல்லும் பெண்ணுக்கு அங்கே இடமில்லை. பிரிட்டிஷ் குடியுரிமை உள்ள குழந்தை இருந்தால் வேறு வழி உண்டு. மற்றபடி பிரிவு என்றால் விசா முடிவு. குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் துணையைச் சாராத வசிப்புரிமை தர வேண்டும் என்கிறது இஸ்தான்புல் உடன்படிக்கையின் 59ஆம் பிரிவு. 2022இல் பிரிட்டன் அந்த உடன்படிக்கையை ஏற்றது, ஆனால் அந்த 59ஆம் பிரிவுக்கு மட்டும் கட்டுப்பட மாட்டேன் என்று ஒதுக்கி வைத்துவிட்டு!

அந்தக் கேள்விக்குப் பதில்

லஞ்ச் மேசைக் கேள்விக்கு வருவோம். அவங்க பிரிட்டிஷ் குடிமகனின் மனைவி இல்லை, வேலை விசாவில் போறவரின் மனைவி. இதுவரை சொன்ன நிரந்தர உரிமைக்கான வாசல் இவங்களுக்குக் கிடையாது. பிரிந்தால், தகவல் தெரிந்ததும் உள்துறை அவங்க விசா காலத்தைக் குறைக்கலாம். வழக்கமாகக் கொடுப்பது 60 நாள். வன்முறை என்றால், 2024 முதல் அந்த 3 மாதச் சலுகை இவங்களைப் போன்றவர்களுக்கும் விரிந்திருக்கிறது. ஆனால் அது மூச்சு விடக் கிடைக்கும் நேரம் மட்டும்தான். மற்றபடி அவங்க பெயரிலேயே ஒரு வேலை விசா வாங்குவதுதான் இருக்கிற வழிகளில் உறுதியானது. இந்த விதிகள் அடிக்கடி மாறும், அதனால் உண்மையிலேயே தேவைப்படுகிறவங்க அங்கே இருக்கிற குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்க, என் பாட்காஸ்டை நம்பாதீங்க.

இதையெல்லாம் ஒரு நீளமான வாய்ஸ் நோட்டாக அனுப்பினேன். 'டிபெண்டன்ட்' ஜோக்குக்கு நானும் சேர்ந்து சிரிச்சேன், அதுக்கு ஒரு சாரியும் கடைசியில் சொன்னேன்.

ராத்திரி அவங்ககிட்ட இருந்து பதில் வந்தது. "தேங்க்ஸ். அவரும் பக்கத்துல உட்கார்ந்து முழுசா கேட்டார். என் டிகிரி சர்டிபிகேட்டும் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும் அம்மா வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும்னு விட்டிருந்தேன். நாளைக்குப் போய் எடுத்துட்டு வந்து பெட்டியில வெச்சிடறேன்."

உங்க வீட்டிலயும் யாராவது இப்படி டிபெண்டன்ட் விசாவில் கிளம்புறாங்கன்னா, ஊறுகாய் பாட்டிலுக்கு முன்னாடி அந்த சர்டிபிகேட்டைப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.